சாயம் பிடித்த பருவம்

நான் இரண்டு தரம் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானவள் என்று நீங்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். போன மாதம் நம் வகுப்புக்காரி ஒருத்தியின் கலியாண வீட்டில், ஆறு பேர் ஒரே தட்டில் கைவைத்து உண்ணும் சோற்றுச் சவனைச் சுற்றி இருந்தபோதும் அந்தக் கதைதான் வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் நீங்கள் சொல்கிற கதையில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். அது என் உம்மா. அவர் இல்லாமல் சொன்னால் அது ஒரு பிள்ளையின் வெட்கக் கதை. அவரைச் சேர்த்துச் சொன்னால் வேறு கதை. அதனால் எழுதுகிறேன். இலக்கம் போடாமல் எனக்கு ஒன்றும் எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து இரண்டாவது மாரி அது. நாம் ஆறாம் வகுப்பு. நம் முகாமில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. தொண்ணூறில் வடக்கை விட்டு நம் சனத்தை வெளியேற்றியபோது விட்டுவிட்டு வந்த காணிகளில் காடு வெட்ட மன்னாருக்குப் போயிருந்தார்கள். என் வாப்பா மட்டும் புத்தளத்து உப்பளத்து வேலையை விடவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வருவார், சனிக்கிழமை காலையில் போவார். உம்மா மாம்புரிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார். பக்கத்து வீட்டில் மாமி, வாப்பாவின் தங்கை. பன் புல்லில் பாய் இழைப்பதில் முகாமிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. சாயம் தோய்த்துத் தோய்த்து அவருடைய பத்து விரல் நுனியும் எப்போதும் சிவந்திருக்கும்.

அந்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, இடம்பெயர்ந்த பெண்களுக்குத் தோல் வேலை பழக்குகிறோம் என்றது. பாலர் பாடசாலைக் கொட்டிலில் பத்து நாள் வகுப்பு. பழக்க வந்த ஆசிரியர், சேர் என்போம், சிங்களவர். அவர் சொல்வதை ஒரு அக்கா நின்று தமிழில் சொன்னார். பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். பத்து நாள் முடிய, பதனிட்டு நிறம் போடாத ஆட்டுத்தோல் ஒரு கட்டு, மூன்று டின் சாயத்தூள், பூச்சு நிறம் ஒரு சின்ன டின், பசை ஒரு போத்தல், வெட்டும் கத்தி, இவற்றை வைத்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஒரு மாதத்தில் பதின்மூன்று பெண்களும் கழன்றுகொண்டார்கள். காரணம் வேலை அல்ல, வாய்கள்.

மாமியின் வாய்தான் முதல் வாய். “ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆட்ட அறுப்பம், ஆக்குவம், தோலத் தூக்கி மதரசாவுக்குக் குடுப்பம். தோலக் கழுவிச் சாயம் போடுற ஆக்களா நாங்க, மதினி?”

உம்மா தோலை விரித்தபடியே சொன்னார்: “அறுக்கிறதுக்கு வெட்கமில்ல, திங்கிறதுக்கு வெட்கமில்ல. தொடுறதுக்குத்தானா வெட்கம்?”

நிறம் போடாத தோலை நீங்கள் எல்லோரும் தொட்டிருக்கிறீர்கள். பால் கூடிய தேத்தண்ணீரின் நிறம். இறைச்சி மணம் இல்லை, நனைந்த மரப்பட்டையின் மணம். உற்றுப் பார்த்தால் அந்த ஆட்டின் சரித்திரம் தெரியும். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, வயிற்றுப் பக்கத்தில் தளர்ந்த சுருக்கம். எல்லாத் தோலும் ஒரே மாதிரிச் சாயம் குடிக்காது என்பதை நான் அந்தக் கட்டில்தான் கண்டேன். முதுகு மெதுவாகக் குடிக்கும். வயிறு அவசரப்பட்டுக் குடித்துக் கறுத்துப்போகும்.

உம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. ஏன் நின்றது என்று இந்த முகாமில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எழுதுவது மெதுவாகத்தான் வரும் என்பதால், வகுப்பு நடந்த பத்து நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் இருந்து குறிப்பு எழுதினேன். அந்தக் கொப்பி இன்றும் என்னிடம் இருக்கிறது. சாயம் போடுவதற்கு ஆறு வரி.

ஒன்று, தோலை முதல் நாளே தண்ணீரில் போடு, காய்ந்த தோல் திட்டுத் திட்டாகத்தான் நிறம் எடுக்கும். இரண்டு, சாயத்தூளை வேறாகச் சுடுதண்ணீரில் கரைத்துச் சீலையில் வடி. மூன்று, தோல் கிடக்கும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டக்கூடாது. நான்கு, உருட்டு, நிறுத்தாதே. ஐந்து, ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பார், நிறம் நடுவரைக்கும் போயிருக்க வேண்டும். ஆறு, அலசி நிழலில் காயப்போடு.

மூன்றாம் வரியை உம்மா முதலில் நம்பவில்லை. மாமி இருந்தாரே. “பன்னக் கொதிக்கக் கொதிக்கப் போட்டாத்தான் சாயம் புடிக்கும். கைச் சூட்டில போட்டா குளிப்பாட்டுற மாதிரித்தான்” என்றார். முதல் துண்டு கொதி தண்ணீருக்குள் போனது. நம் கண் முன்னாலேயே சுருண்டு, தடித்து, பாதியாகிவிட்டது. மாமி எட்டிப் பார்த்தார். “கணவாய்க்கறி ஆயிட்டு, மதினி. சோறு இருக்கா?”

நான்காம் வரிக்கு நீங்கள்தான் சாட்சி. ஆலைகளில் பெரிய மர உருளைகள் சுற்றும். நமக்கு நிறுவனம் தண்ணீருக்குத் தந்த நீலப் பிளாஸ்டிக் பெரல், மூடி போட்ட பீப்பாய். தோலையும் சாயத்தண்ணீரையும் விட்டு மூடியை இறுக்கி, கிணற்றடியிலிருந்து பள்ளிவாசல் மதில்வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வருவோம். ஆளுக்கொரு புளி டொபி கூலி. மணலில் அந்தப் பெரல் போன தடம் ஒரு ரோட்டுப்போலக் கிடக்கும்.

நான் ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு, ஓரத்தில் நூலில் கட்டி வைத்தேன். பதினோராம் துண்டு நன்றாக வந்தது. செங்கல்லும் கறுவாப்பட்டையும் கலந்த நிறம். ஆலங்குடாவில் காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்களுக்காக விடுதி நடத்திய சிங்கள அம்மா, நோனா என்போம், யாரோ சொல்லி வந்து, என் நூற்கோவையைப் புரட்டி அந்தப் பதினோராம் துண்டில் விரலை வைத்தார். அவருக்கு இருபது மரக்கதிரைகளுக்குத் தோல் இருக்கை வேண்டும். முதலில் இரண்டு, பார்த்துவிட்டு மிச்சம் பதினெட்டு.

இரண்டையும் கொடுத்தோம். பத்தாம் நாள் நோனாவின் வான் வண்டி நம் கிடுகு வேலிக்கு வெளியே நின்றது. அவர் சிலாபத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“நங்கி, உங்கட கலர் என்ட கதிரையில இல்ல நே. என்ட கெஸ்ட்ட களிசானில இருக்கு! வெள்ளக் காச்சட்ட. அவர் பின்பக்கத்தப் படம் புடிச்சு எல்லாருக்கும் காட்டுறார்.”

நாம் எல்லோரும் வேலிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டோம். உம்மா சிரிக்கவில்லை.

“டிசம்பர் காத்துத் தொடங்க முந்தி இருபதும் எனக்கு வேணும்” என்றார் நோனா. “கலர் போகாம வேணும். இல்லாட்டி நான் நீர்கொழும்பில பிளாஸ்டிக் கதிரை எடுக்கிறன். கோவிக்க வேணாம்.”

வான் போனதும் உம்மா பதினோராம் துண்டை எடுத்து, தன் வெள்ளைத் தொழுகைத் துணியின் ஓரத்தால் முப்பது தரம் அழுத்தித் தேய்த்தார். துணியில் ஒன்றும் இல்லை. “என்ட சாயம் போகல்ல. அந்தாள் வேற எங்கயோ இருந்திட்டு வந்திருக்கான்” என்றார். பிறகு துணியை மடித்து வைத்தார். “இது சரிவராட்டி கத்தியையும் தோலையும் அந்த நிறுவனத்துக்கே அனுப்பிட்டு வெங்காயத்தோடயே போறன். ரெண்டாந்தரம் கேக்க மாட்டன்.” உம்மா சொன்னால் சொன்னதுதான். மாமி அதைக் கேட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அப்போதுதான் உம்மா என் வெள்ளைச் சீருடையைப் பார்த்தார்.

பதினோராம் துண்டின் நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு நாடா கோத்துத் தந்தார். “பள்ளிக்கூடத்துக் கதிரையில கட்டு. நாள் முழுக்க அதுல இருந்திட்டு வா. எழும்பாத, ஓடாத.” திங்கள் இருந்தேன், ஒன்றுமில்லை. செவ்வாய் இருந்தேன், ஒன்றுமில்லை. புதன்கிழமை மழை. நம் வகுப்புத் தகரத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்று உங்களுக்குத் தெரியும், நேரே எனக்கு மேலே. தண்ணீர் கதிரையில் சொட்டி எனக்குக் கீழே தேங்குவது தெரிந்தது. ஆனால் உம்மா எழும்பாதே என்றிருந்தார். சொன்ன சொல் கேட்கும் பிள்ளை நான். டீச்சர் கணக்குச் செய்ய முன்னால் கூப்பிடும்வரை அப்படியே இருந்தேன்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் வகுப்பு அமைதியானது. சோக்கட்டி கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

டீச்சர் ஓடி வந்து தன் சால்வையால் என்னைச் சுற்றினார். காதோடு, “பயப்படாத புள்ள. புத்தகத்த எடு, வீட்ட போவம்” என்றார்.

“டீச்சர், இது சாயம்.”

“ஓம் ஓம், சாயந்தான். எல்லாரும் முதல்ல ஒவ்வொண்டு சொல்லுவாங்க. எனக்கு வந்தப்ப நான் விழுந்திட்டன் எண்டு சொன்னன்.”

“இல்ல டீச்சர். பதினொண்டு.”

“பதினொண்டுதான? காணும், சரியான வயசு.”

துண்டின் இலக்கத்தைச் சொன்னேன் என்று அவருக்கு விளக்குவதற்குள் நாம் வெளிவாசலில் நின்றோம். இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள் புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை ஒளித்ததை நான் கண்டேன். பெயர் சொல்லவில்லை.

உம்மா தோட்டத்தில். வீட்டில் மாமி. டீச்சர் இரண்டு சொல் சொன்னதும் மாமியின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. அறை யன்னலுக்குச் சேலை கட்டினார். என் உடுப்பை மாற்றி, பாய் விரித்து, மூலையில் இருத்தினார். நான் மூன்று தரம் சாயம் என்றேன். “வாய மூடு. பெரிய புள்ள இப்புடிக் கதைக்கப்படாது” என்றார். பிறகு ஒரு கோப்பையில் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். “கண்ண மூடிட்டு ஒரே மூச்சில குடி.” குடிப்பதுபோல் வாயில் வைத்திருந்தேன். அவர் போன் எடுக்கத் திரும்பியதும் பாய்க்கு அடியில் துப்பினேன். அங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கழற்றி வந்து நான் ஒளித்து வைத்த பதினோராம் துண்டு கிடந்தது.

“நானா, உங்கட மகள் பெரிய புள்ளையாகிட்டா!” என்று மாமி தன் அண்ணனுக்கு, என் வாப்பாவுக்கு, உப்பளத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

நாள்தோறும் சாயத்தில் கைவைக்கிற மாமிக்கு அது சாயம் என்று ஏன் தெரியவில்லை? பல காலம் இதை ஒரு பகிடியாகத்தான் சொல்லி வந்தேன். இப்போது யோசித்தால், அந்த மாரியில் முகாமில் கொண்டாட ஒன்றுமே இருக்கவில்லை. போகிறவர்களுக்குப் பை கட்டிக் கொடுப்பதும் கிடுகுக் கதவுகளைச் சாத்துவதுமாகவே இருந்தது. மாமிக்கு ஒரு நல்ல செய்தி தேவைப்பட்டிருக்கிறது. கிடைத்ததைக் கைவிட அவர் தயாராக இல்லை.

உம்மா நான்கு மணிபோல் வந்தார், கையெல்லாம் வெங்காய மணம். மாமி வாசலிலேயே செய்தி சொன்னார். உம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்தார், கொடியில் கிடந்த சீருடையைப் பார்த்தார். அடுத்து அவர் போனது என்னிடம் அல்ல, சீருடையிடம். எடுத்துக் கதவு வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார்.

“மகள், இந்தத் துணி நனைஞ்சதா?”

“ஓம் உம்மா. கூரை ஒழுகிச்சு.”

“நேத்து?”

“நேத்துக் காய்ஞ்சு இருந்திச்சு.”

உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார். “அந்த வெள்ளக்காரன் ஈரக் களிசானோட கதிரையில இருந்திருக்கான்!”

நமக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். நம் வீடுகளில் நனைந்த உடுப்போடு கதிரையில் இருந்தால் அகப்பைக் காம்பு பறந்து வரும். கடலிலிருந்து ஏறி வந்து, தண்ணீர் ஒழுக ஒழுக, விருந்துக் கதிரையில் இருக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை என் உம்மா என் சீருடையிலிருந்துதான் கண்டுபிடித்தார். உலர்ந்த தேய்ப்பில் சாயம் நிற்கிறது, ஈரத் தேய்ப்பில் போகிறது. கோளாறின் பாதி கிடைத்துவிட்டது.

“மதினி, புள்ளைக்கு...” என்றார் மாமி.

“புள்ளைக்கு ஒண்டுமில்ல. சாயத்துக்குத்தான் சுகமில்ல. அந்தக் கொப்பியக் கொண்டா மகள்.”

ஆறு வரியையும் வாசித்தேன். உம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். “இவ்வளவும்தானா சொன்னார் சேர்?” என்று கேட்டதும் நான் கொப்பியை மெல்ல மூடினேன். ஐந்தாம் வரிக்கும் ஆறாம் வரிக்கும் நடுவில் சேர் இன்னொன்று சொன்னார். அதைத் தமிழாக்கிய அக்கா, “கடைசியில மறக்காம புளி போட வேணும்” என்றார். அன்றைக்குக் கொட்டிலுக்குப் பின்னால் பகல் சாப்பாட்டுக்கு மாமி கூலிக்குச் சமைத்த மீன்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மணம் மூக்கில் ஏறியது. கறிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து எழுதாமல் விட்டேன்.

சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருந்தேன். உம்மா கண்ணை விரித்து என்னைப் பார்த்தார். பிறகு, நான் அவரிடம் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு வந்தது.

“நானும் கேட்டன் மகள்! நானும் கறிக்கெண்டுதான் நினைச்சன். நான்தான் எழும்பிப் போய்ப் புளியக் கரைச்சுக் கறிக்குள்ள ஊத்தினன்!”

மாமிக்கும் நினைவு வந்துவிட்டது. “அதான் அன்டைக்குக் கறி அவ்வளவு புளிச்சிச்சா? முதலே ஒரு தரம் நான் போட்டிருந்தன்!”

அந்தச் சேர் சொன்னது அசிட், அமிலம். அக்காவுக்கு அந்தச் சொல்லுக்குத் தமிழ் வரவில்லை, புளி என்றார். பிழையில்லை. சாயம் தோலுக்குள் போவது ஒரு வேலை. போனதை அங்கேயே பிடித்து வைப்பது இன்னொரு வேலை. கடைசியில் புளிப்புப் பட்டால்தான் தோலின் நாருக்குச் சாயத்தைப் பிடிக்கும் கை முளைக்கும். அதில்லாமல் நாம் அலசி எடுத்த தோலில் சாயம் விருந்தாளிபோல் வந்து நின்றது. ஈரம் பட்டதும் எழும்பிப் போய்விட்டது.

மறுநாள் உம்மா தோட்டத்துக்குப் போகவில்லை. பழப்புளி தோலில் கசடு விடும் என்று யோசித்து, அச்சாறு ஊறுகாய்க்கு வைத்திருந்த விநாகிரிக் காடியை எடுத்தார். இரவே ஊறப்போட்ட புதுத்துண்டு ஒன்றைச் சாயத்தோடு பெரலில் போட்டு, விடியற்காலையிலேயே நீங்கள் முக்கால் மணி நேரம் உருட்டினீர்கள். மூடியைத் திறந்து விநாகிரியை மூன்று தரமாகப் பிரித்து விட்டார். ஒரேயடியாக ஊற்றினால் சாயம் மேலேயே ஒட்டிவிடும் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்காதீர்கள். தேங்காய்ப்பால் சொதியில் புளி விடுகிற கைக்கு அது தெரியும் என்றுதான் அவர் பிறகு சொன்னார். மறுபடி உருட்டினோம். திறந்தோம்.

அதை நீங்கள் மறந்திருக்க முடியாது. செக்கச்செவேலென்று இருந்த தண்ணீர் வெறும் தேத்தண்ணீர் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இன்னொரு நடை உருட்டினோம். மழைத்தண்ணீர்போல் ஆகிவிட்டது. அடியில் கிடந்த தோல் மட்டும் நெருப்புத் தணல்போல். “எல்லாத்தையும் தோல் குடிச்சிட்டு” என்றார் உம்மா. கையை விட்டு அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தார். இன்றைக்கு நான் வேலை செய்யும் தோல் ஆலையில் உருளைத் தண்ணீர் தெளியும்போது கூட நிற்பவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பேன்.

ஆனால் வேலை முடியவில்லை. காய்ந்த பிறகு ஈரத் துணியால் தேய்த்தால், மருதோன்றி போய் மிஞ்சிய நகத்தின் நிறம்போல ஒரு மங்கல் இன்னும் வந்தது. நோனாவின் விருந்தாளியின் வெள்ளைக் களிசானுக்கு அதுவே போதும். இன்னொரு குறையும் இருந்தது. இருபது இருக்கைக்குப் பல ஆடுகள். ஒன்று கறுத்தும் ஒன்று வெளிறியும், முள் கோடுகள் பளிச்சென்றும் இருந்தன. சேர் விட்டுப்போன சின்ன டின்னில் இருந்தது இதற்கான மருந்துதான். சாயம் தோலுக்குள்ளே போகும், கண்ணாடிபோல் எல்லாத் தழும்பையும் காட்டும். பூச்சு நிறம் தோலுக்கு மேலே நிற்கும், குறையை மூடும், ஈரத்தையும் தடுக்கும். ஆனால் அந்த நிறம் வெறும் தூள்தான். தோலோடு அதை ஒட்டவைக்க ஒரு பசை வேண்டும். சேர் தந்த பசைப் போத்தல் மூடி கழன்று கல்லாகக் காய்ந்திருந்தது.

அன்று பின்னேரம் உம்மா பாயைத் தூக்கிப் பெருக்கியபோது பழைய பதினோராம் துண்டு வெளியே வந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மினுக்கம். உம்மா விரலால் தட்டினார், ஈரத் துணியால் தேய்த்தார். மற்ற இடமெல்லாம் சாயம் வந்தது, மினுங்கிய இடத்தில் மட்டும் குறைவாக வந்தது.

“இது என்ன?”

இரண்டாவது வாக்குமூலம். “மாமி தந்த முட்டை, உம்மா.”

“நான் குடிக்கக் குடுத்தா நீ பாய்க்குக் குடுத்தியா?” என்று மாமி கையை ஓங்கினார். உம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் துண்டிலேயே இருந்தது.

அந்த நேரத்தில்தான், வியாழக்கிழமை, வாப்பா வந்து வாசலில் நின்றார். இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி ஒரு முழுத் தட்டு முட்டை, முப்பது. புத்தளத்திலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். என்னைப் பார்க்க வெட்கப்பட்டு முட்டையைப் பார்த்தபடி, “ஒண்டும் உடையல்ல” என்றார். உம்மா நடந்ததைச் சொன்னார். வாப்பா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

“அப்ப இந்த முட்டைய என்ன செய்ற?”

“தாங்க” என்றார் உம்மா. ஒரு சிரிப்பும் இல்லாமல் இரண்டு கையையும் நீட்டினார்.

வெள்ளைக்கரு வேறு, மஞ்சள் வேறு. வெள்ளையை நுரைக்காமல் கலக்கி, சீலையில் வடித்து, பூச்சு நிறம் சேர்த்து, வாப்பாவின் பழைய சாரன் துணியில் பந்து செய்து ஒற்றினார். முதல் துண்டு மடித்ததும் வெடித்தது, தடிப்பு அதிகம். தண்ணீர் கூட்டினோம். இரண்டாவது ஒட்டிப் பிசுபிசுத்தது. நான் இலக்கம் போட்டுக்கொண்டே போனேன். பதினாறாம் துண்டில் மெல்லிய பூச்சு மூன்று தரம், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே கடதாசி வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார். “பொரிச்ச முட்டை திரும்பவும் தண்ணியாகுமா?” என்று என்னைக் கேட்டார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

தழும்பு மறைந்தது, ஆனால் தோலின் நுண் துளைகள் தெரிந்தன. அதில் உம்மா பிடிவாதம். “முகத்துக்கு மாப் பூசின மாதிரி இருக்கப்படாது. ஆட்டுத் தோல்தான் எண்டு தெரியோணும்.”

மஞ்சள் கருவை வீசக்கூடாது என்று மாமி கோபத்தோடு இனிப்பு வட்டலாப்பம் அவித்து முகாம் முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, “மருமகளுக்குத்தான்” என்று மட்டும் சொன்னார். நீங்கள் சொல்கிற கதையின் முதல் பாதி அந்த வட்டலாப்பத்திலிருந்து வந்தது. ஒன்றரை வருஷம் கழித்து உண்மையாகவே நடந்தபோது யாரும் நம்பவில்லை. அது வேறு.

சோதனைக்கு மறுபடி நான்தான். கறை போக வெளுத்த சீருடையை மறுபடி நனைத்துப் பிழியாமல் உடுத்தி, கிணற்றடிக் கல்லில் ஈரத்தோலை விரித்து, ஒரு மணி நேரம் இருந்தேன். நீங்கள் சுற்றி நின்றீர்கள். எழும்பினேன். உம்மா என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். வெள்ளை. என்னிடம் யாரும் உனக்கு அதில் இருக்கச் சம்மதமா என்று கேட்கவில்லை, வகுப்பில் எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் பிறகு நான் தோல் தொழில் படித்த இடத்தில், வெள்ளைத் துணித் துண்டைத் தோலின் மேல் உலர்வாகவும் ஈரமாகவும் தேய்த்துப் பார்க்கும் இயந்திரத்தை முதலில் காட்டியபோது, கூடப் படித்தவர்கள் அதன் பெயரை எழுதினார்கள். எனக்கு எழுதத் தேவைப்படவில்லை. அந்த இயந்திரம் நான்தான்.

இருபதையும் ஒன்பது நாளில் முடித்தோம். காற்று அப்போதுதான் திசை மாறத் தொடங்கியிருந்தது. ஒரு திரீவீல் ஆட்டோவில் உம்மா, நான், மாமி, மடியில் இருக்கைகள். மாமி தானாகவே வந்து ஏறியிருந்தார். ஆலங்குடா வரும்வரை உம்மாவுக்குப் புத்தி சொன்னார். “கொழும்பில ஒரு பெக்டரியில குடுத்துச் செய்விச்சதெண்டு சொல்லுங்க, மதினி. முகாமில முட்டை பூசினதெண்டா ஆரு மதிப்பான்? நாங்களே மதிக்கல்லயே.” உம்மா மடியில் இருந்த இருக்கைகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

நோனா பேச்சை வளர்க்கவில்லை. வெள்ளைத் துவாய் ஒன்றைக் கடல் தண்ணீரில் தோய்த்து எடுத்துவரச் சொன்னார். ஒரு இருக்கையை எடுத்துத் தன் முழுப் பலத்தையும் போட்டுத் தேய்த்தார். துவாயைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு இருக்கை. இன்னொன்று. மாமி என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவதோடு நோனா துவாயை வெயிலுக்கு உயர்த்திப் பிடித்தார். பிறகு இருக்கைகளை வரிசையாக மணலில் சாய்த்து வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண்ணை நகர்த்தினார். இருபதும் ஒரே ஆட்டிலிருந்து வந்ததுபோல் நின்றன.

அவர் தன்னையறியாமல் சிங்களத்துக்கு மாறியிருந்தார். எந்த பெக்டரியில் நிறம் போட்டது, யார் செய்தது என்று கேட்டார். மாமி முழங்கையால் இடித்தார். உம்மாவுக்குத் தெரிந்த சிங்களச் சொற்களை விரல்விட்டு எண்ணலாம். தோட்டத்தில் பழகியவை, தண்ணீர், நாளைக்கு, போதும், இந்த மாதிரி. அவற்றில் ஒன்றைத் தேடி எடுப்பதுபோல் ஒரு கணம் நின்றார். பிறகு வெங்காயத் தோல் உரித்த, சாயம் ஏறிய கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

“மம” என்றார். சிங்களத்தில், நான்.

நோனா தன் கணக்குக் கொப்பியைத் திறந்து, இன்னும் இருபது எப்போது தர முடியும் என்று தமிழில் கேட்டார்.